கண்ட வெளிச்சம் படத்தில் இல்லை

போன மாதம் எங்கள் அலுவலகத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க ஒரு தம்பி வந்தான். காகிதம் கைக்கு வந்த பிறகும் போகாமல் மேசை ஓரத்தில் நின்றான்.

"அண்ணே, நீங்க மட்டாஞ்சேரி பை சார் ஸ்டுடியோவுல இருந்தவர்தானே? நான் தோப்பும்படியில புதுசா ஸ்டுடியோ போட்டிருக்கேன். ஒரு ஃப்ளாஷ் வாங்கணும். வயர் இல்லாம அடிக்கிறது. எதை வாங்கட்டும்?"

"கடைக்காரர் என்ன சொன்னார்?"

"அவருக்கென்ன, எல்லாத்தையும் வயர்லெஸ்ங்கறார். பெட்டிமேலயும் அப்படித்தான் போட்டிருக்கு."

சாதாரணக் கேள்விதான். எனக்கோ அது சாதாரணம் இல்லை. "எழுதித் தர்றேன், அடுத்த வாரம் வா" என்று சொல்லி அனுப்பினேன். இதற்கு எழுதித் தர என்ன இருக்கிறது என்று அவன் நினைத்திருப்பான். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க மலருக்குத் தொழில் அனுபவம் ஒன்று எழுதச் சொல்லி ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன். பள்ளியில் மலையாளம்தான் படித்தேன். தமிழ் எழுத்தைப் பலசரக்குப் பொட்டலம் கட்டிவந்த பத்திரிகைத் தாள்களில் எழுத்துக்கூட்டிக் கற்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் ஓய்வு பெற்ற புகைப்படக்காரன். வயது முப்பத்தெட்டு. இந்த இரண்டு வரியையும் சேர்த்துச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். மாநகராட்சித் துப்புரவுப் பணியில் இருந்த அப்பா, பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு என்ற முறையில் வேலை எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்புத் தேறிய முதல் ஆள் நான் என்பதால் துடைப்பத்துக்குப் பதில் பேனா கொடுத்தார்கள். "கல்யாண வீடு தேடி ஓடுனது போதும், மாசாமாசம் சம்பளம் வர்ற இடத்துல உக்காரு" என்றாள் அம்மா. உட்கார்ந்துவிட்டேன். கேமராவைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பள்ளி முடித்த கையோடு பை சாரிடம் சேர்ந்தேன். முதலில் தரை துடைத்தேன். பிறகு இருட்டறையில் மருந்து கலக்கினேன், கழுவிய படங்களைக் கிளிப்பில் தொங்கவிட்டேன், கல்யாணங்களுக்குக் குடை லைட் தூக்கினேன். பாஸ்போர்ட் படம் எடுக்க விட்டார். கடைசியில் கல்யாணம் எடுக்கவும் விட்டார். இவ்வளவுக்கும் எத்தனையோ வருடம் ஆனது. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. எல்லா நாளும் பயந்துகொண்டிருந்தேன் என்பதுதான் நினைவிருக்கிறது. ஃபிலிம் காலத்துப் பயம் இப்போது உள்ளவர்களுக்குப் புரியுமா தெரியவில்லை. தாலி கட்டும் நேரம் ஒரு தடவைதான் வரும். படம் விழுந்ததா என்று தெரியக் கலர் லேபில் இருந்து கவர் வர வேண்டும். அதுவரை சோறு இறங்காது.

பை சார் கொங்கணிக்காரர்; பை என்பது குடும்பப் பெயர். வீட்டில் கொங்கணி, கடையில் மலையாளம், என்னிடம் மலையாளம் கலந்த தமிழ். குள்ளமான ஆள். வெள்ளை வேட்டியில் ஒரு துளி மருந்துக் கறை பார்க்க முடியாது. குரலை உயர்த்தவே மாட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குப் பாதிப் பயம் போயிருக்கும். ஒவ்வொரு வேலைக்குக் கிளம்பும் முன்பும் ஒரே வரிசையில் சிலவற்றைச் செய்வார். ரோலைப் போட்டு மூடியதும், ஃபிலிமைத் தள்ளும் நெம்புகோலை இழுத்துக்கொண்டே மறுபக்கத்துக் குமிழைப் பார்ப்பார். அது சுழன்றால்தான் உள்ளே ஃபிலிம் நகர்கிறது என்று அர்த்தம். பேட்டரிகளின் முனையைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பார். ஃப்ளாஷை இயக்கிக் காதில் வைத்துக்கொள்வார். அது சார்ஜ் ஏறும்போது கொசு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் வரும்; ஏறி முடிந்ததும் அடங்கும். பிறகு முதுகில் ஆரஞ்சு விளக்கு எரியும். விளக்கை அவர் நம்பவே மாட்டார். "விளக்கு பொய் பறயும், ஒச்ச பறயாது" என்பார். ஒச்ச என்றால் சத்தம், பறயும் என்றால் சொல்லும்.

இதெல்லாம் கிளம்புவதற்கு முன். படம் எடுத்த பிறகு அவர் கேட்பது ஒரே கேள்வி.

"கண்டோ?"

பார்த்தாயா என்று அர்த்தம். நான் "கண்டில்ல சார்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். "கண்டு" என்று சொன்னால் போச்சு, இன்னொரு தடவை எடுக்க வேண்டும்.

பார்க்காததுதான் நல்லது என்பது வெளியாளுக்கு விசித்திரமாகத் தெரியும். விஷயம் இதுதான். எங்கள் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸில் வரும் காட்சியை அதுதான் நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் அது மேலே எழும்பி, ஃபிலிமுக்கு வழிவிட்டுத் திரும்ப விழும். அந்த ஒரு கணம் எடுப்பவனுக்கு இருட்டு. ஃப்ளாஷ் அடிப்பதும் அந்த இருட்டுக்குள்தான். ஆக, படத்தில் விழும் வெளிச்சம் எடுப்பவன் கண்ணில் விழாது. கேமரா வழியாக நீ வெளிச்சத்தைக் கண்டாய் என்றால், அது உன் படத்துக்கு முன்னாலோ பின்னாலோ அடித்த வெளிச்சம். இது தெரிவதற்காகவே இடது கண்ணை இறுக மூடிக்கொள்ளச் சொல்லிப் பழக்கினார்.

அப்போது பக்கத்து லைட்டுக்குக் கேமராவிலிருந்து நீளமாக வயர் போகும். மலையாளத்தில் கொடிக்கு வள்ளி என்பார்கள். பை சார் அந்த வயரையும் வள்ளி என்பார். என் பெயர் முருகேசன். எங்களோடு கல்யாணங்களுக்கு வரும் வீடியோ பாபுவுக்கு இது போதாதா?

"வந்தாச்சு, முருகனும் வள்ளியும் வந்தாச்சு! தெய்வானை எவிடெடா?"

ஒரு கல்யாணத்தில் பெண்ணின் மாமா அந்த வயரில் கால் சிக்கி, ஸ்டாண்டையும் இழுத்துக்கொண்டு பாயசப் பாத்திரத்தின் மேல் விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எழுந்ததும் எல்லோரும் பார்த்தது என்னைத்தான். அடுத்த நாள் காலை பை சார் வயரைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்தார்.

"முருகேசா, இனி வள்ளி வேண்டா. வயர் இல்லாத்த ஃப்ளாஷ் வந்திட்டுண்டு. எரணாகுளத்துல போய் நோக்கி வாங்கு."

"நானா சார்?"

"நீயல்லே இங்கிலீஷ் படிச்சது."

நான் படித்த இங்கிலீஷ் எனக்குத்தான் தெரியும். மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறினேன். கடைக்காரர் மூன்று பெட்டிகளைத் திறந்து வைத்தார். மூன்றிலும் வயர்லெஸ் என்று எழுதியிருந்தது. ஒன்று, தன் கம்பெனிக் கேமரா அனுப்பும் சைகைக்கு மட்டும் அடிக்கும். பக்கத்தில் வேறு யாருடைய ஃப்ளாஷ் அடித்தாலும் அசையாது. அதற்கு ஏற்ற கேமரா எங்களிடம் இல்லை. இன்னொன்று மற்ற ஃப்ளாஷுகளுக்குச் சைகை கொடுக்கக் கூடியது. ஆனால் அதன் பேச்சைக் கேட்க அதே ஜாதியில் இன்னொன்று வேண்டும். மூன்றாவதன் முன்பக்கத்தில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு கண். அந்தக் கண்ணில் எந்த ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டாலும் அந்தக் கணமே அடித்துவிடும். எங்கள் பழைய கேமராவின் தலையில் சின்ன ஃப்ளாஷ் ஒன்றை மாட்டிக்கொண்டால் போதும். சின்னது அடிக்கும், அதைப் பார்த்து இது அடிக்கும். இதை ஸ்லேவ், அதாவது அடிமை, என்பார்கள்.

"சேட்டா, வேற ஆளோட ஃப்ளாஷ் அடிச்சா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "அதுக்கு ஆளத் தெரியுமா அண்ணாச்சி? வெளிச்சம்னா வெளிச்சம்."

எங்கள் கேமராவுக்கு ஒத்துவந்தது அது ஒன்றுதான். வாங்கினேன். திரும்பி வரும்போது போட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வேற ஆளோட ஃப்ளாஷ், வேற ஆளோட ஃப்ளாஷ் என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன். பை சார் காதில் வைத்துப் பார்த்தார். சத்தம் சுத்தமாக இருந்தது. "கொள்ளாம்" என்றார். நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டது குறைவு.

சில வருடம் தொல்லை இல்லை. கல்யாண வீட்டில் எங்களைத் தவிர ஃப்ளாஷ் வைத்திருந்தவர்கள் அபூர்வம். பிறகு வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் சட்டைப் பையில் அடங்கும் டிஜிட்டல் கேமராக்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். கண்கள் சிவப்பாக விழாமல் இருக்க அவை முதலில் படபடவென்று சிலமுறை மின்னும், அப்புறம்தான் படம் எடுக்கும். ஒவ்வொரு மின்னலுக்கும் எங்கள் ஸ்லேவ் எழுந்து சலாம் போட்டது. முதல் மின்னலிலேயே தன்னிடம் இருந்ததைக் கொட்டிவிடும். நான் அழுத்தும்போது அதனிடம் ஒன்றும் இருக்காது. நான் கண்டு கண்டு என்று சொல்லும் நாட்கள் அதிகமாயின. கல்யாணத்தில் பரவாயில்லை. மாப்பிள்ளையை இன்னொரு தடவை சிரிக்கச் சொல்லலாம்.

அந்தச் சமயத்தில்தான் கும்பளங்கியிலிருந்து சாவு வீட்டுப் படத்துக்கு ஆள் வந்தது.

இறந்தவர் பிலோமினா அம்மச்சி. மீன்பிடிக் குடும்பம், காயல் ஓரத்து வீடு. மகள் ரோசிலி சேச்சி வீட்டோடு இருந்தார். ஒரே மகன் சேவியர் வளைகுடாவில். அவருடைய பாஸ்போர்ட் வேலை கொடுத்தவர் கையில் இருந்தது, விடவில்லை. அம்மாவைக் கடைசியாகப் பார்க்க அவரால் வர முடியாது.

இந்த ஊர்க் கிறிஸ்தவர்களின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெட்டியை மூடி எடுப்பதற்கு முன் முற்றத்தில் பெஞ்சுமேல் வைத்து, தலைப்பக்கம் கட்டை கொடுத்து உயர்த்துவார்கள். முகம் படத்தில் தெரிய வேண்டும். குடும்பம் முழுவதும் சுற்றி நிற்க ஒரு படம். அதற்கப்புறம் அந்த்ய சும்பனம், ஒவ்வொருவராகக் குனிந்து கடைசி முத்தம் கொடுப்பார்கள். பிறகு மூடி. தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் படம்தான் போகும்.

மழை. முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதற்கு அடியில் எல்லோர் முகமும் இருண்டிருந்தது. பின்னால் காயல், தகரம் மாதிரி வெளுத்துப்போய்க் கண்ணைக் கூசவைத்தது. இப்படிப்பட்ட இடத்தில் பக்க வெளிச்சம் இல்லாவிட்டால் தண்ணீர் பளிச்சென்று விழும், மனிதர்கள் கரிக்கட்டையாக விழுவார்கள். கேமராவின் தலையில் இருந்த சின்ன ஃப்ளாஷ் ஸ்லேவை எழுப்பத்தான் உதவும். சுற்றி நின்ற முப்பது பேருக்கும் அம்மச்சியின் முகத்துக்கும் வெளிச்சம் ஸ்லேவிலிருந்து வர வேண்டும். ஈரத்தில் ஸ்டாண்ட் நிற்கவில்லை. பை சார் ஃப்ளாஷைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாத் தூண் அருகே நின்றார். சார்ஜ் ஏறியதும் கையைக் கொஞ்சம் உயர்த்துவார். அது எங்கள் சைகை.

நான் கேமரா முக்காலியை விரித்துக்கொண்டிருந்தபோது ரோசிலி சேச்சி பக்கத்தில் வந்தார். அழுது அழுது குரல் போயிருந்தது.

"மோனே, முகம் கிட்டுமோ? சேவியர் போன் பண்ணி அதொண்ணுதான் கேட்டான். வேற ஒண்ணும் வேண்டாமாம். முகம் தெளிஞ்சு கிட்டணுமாம்."

"கிட்டும் சேச்சி."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கூட்டத்தின் ஓரத்தில் ஷாஜுவைப் பார்த்தேன். அம்மச்சியின் தங்கை மகன், துபாயிலிருந்து விடுமுறையில் வந்தவன். கையில் வெள்ளி நிறத்தில் ஒரு டிஜிட்டல் கேமரா. அதை உள்ளே வைக்கச் சொல்ல வேண்டும். சாவு வீடு. அவன் உறவுக்காரன், நான் கூலிக்கு வந்தவன். எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வார்த்தை கூட்டிக்கொண்டிருக்கும்போதே அச்சன் ஜெபப் புத்தகத்தை மூடி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பாதிரியார் தலையசைத்தால் எடுத்தாக வேண்டும். பை சாரின் கை உயர்ந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன்.

விரல் அழுத்தத் தொடங்கியபோது அது நடந்தது. ஷாஜுவின் கேமரா படபடவென்று மின்னியது. தூண் பக்கமிருந்து எங்கள் ஸ்லேவ் முழு பலத்தோடு அடித்தது. நான் அம்மச்சியின் முகத்தைக் கண்டேன். மூக்கின் பக்கத்தில் இருந்த மரு, மூடிய இமைகளின் ஓரத்து ஈரம், நெற்றியில் ஒட்டியிருந்த இரண்டு நரைமுடி. எத்தனையோ முகங்களைக் கேமரா வழியாகப் பார்த்தவன்தான், இவ்வளவு தெளிவாக ஒன்றையும் கண்டதில்லை. அதற்குப் பிறகே என் கேமராவின் கண்ணாடி எழும்பி விழுந்தது. அந்த இருட்டுக்குள் அடிக்க ஸ்லேவிடம் ஒன்றும் மிச்சமில்லை.

தார்ப்பாயில் மழை கொட்டிய சத்தத்துக்கு மேலே பை சாரின் குரல் வந்தது. உயர்ந்த குரலில் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

"கண்டோ?"

நானும் கத்தினேன். "கண்டு சார்! நல்லா கண்டு!"

கூட்டம் அசையாமல் நின்றது. ரோசிலி சேச்சி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எந்து கண்டு?"

என்ன கண்டாய் என்று ஏன் கேட்கிறார், எனக்குப் புரியவில்லை.

"எந்தா மோனே கண்டது? அம்மச்சி கண்ணு தொறந்தோ?"

பின் வரிசையில் ஒரு பெண் "ஈசோயே!" என்றாள். அது தீ மாதிரி பரவியது. அனங்கி, அனங்கி என்று யாரோ சொன்னார்கள்; அசைந்தது என்று. இமை துடித்ததைத் தானும் பார்த்ததாக ஒரு கிழவர் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், மின்னல் வெளிச்சத்தில் எந்த முகமும் துடித்த மாதிரிதான் இருக்கும். பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருவர் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து அம்மச்சியின் கழுத்தில் விரல் வைத்தார். முப்பது பேரும் பெட்டியின் மேல் குனிந்தார்கள். ஷாஜுவும் கேமராவைத் தாழ்த்திவிட்டுக் குனிந்தான்.

இல்லை, நான் வெளிச்சத்தைத்தான் சொன்னேன் என்று சொல்ல வாய் திறந்தேன். தூண் பக்கம் பார்த்தேன். பை சார் ஃப்ளாஷைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் கை மெல்ல உயர்ந்தது.

அழுத்தினேன்.

எனக்கு இருட்டு. ஒன்றும் காணவில்லை.

நர்ஸ் விரலை எடுத்துவிட்டு ரோசிலி சேச்சியைப் பார்த்துத் தலையை அசைத்தார். சேச்சி பெஞ்சின் காலடியில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஷாஜு என் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"எடா பாண்டி, மரிச்ச வீட்டில் வந்நு தமாசு பறயுந்நோ நீ?"

"வெளிச்சம்... வெளிச்சத்தத்தான் சேட்டா... ஃப்ளாஷ் முன்னாலயே அடிச்சிருச்சு..." மலையாளம் மறந்துபோய்த் தமிழில் உளறினேன். பை சார் வந்து அவன் கையை ஒவ்வொரு விரலாக விலக்கினார். அச்சனிடம் திரும்பிக் கைகூப்பி, தொழில் வார்த்தை அது, தப்பு தன்னுடையது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அச்சன் எங்கள் இருவரையும் பார்த்தார். "மதி" என்றார். போதும். இன்னொரு படம் எடுக்க யாரிடம் கேட்பது? அந்த்ய சும்பனம் தொடங்கியது. கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டு நின்றேன். மூடி வைத்தார்கள்.

ஸ்கூட்டரில் திரும்பினோம். தோப்பும்படி வந்ததும் அவர் வண்டியை ஓரம் கட்டினார். மீன் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"ரண்டாமத்தது?"

"கண்டில்ல சார்."

"உறப்போ?" நிச்சயம்தானா என்று கேட்டார்.

"உறப்பு" என்றேன். அப்போது எனக்கு எதுவும் நிச்சயமாக இல்லை. ஒருவேளை கண்ணையே சிமிட்டியிருந்தால்? அதுவும் இருட்டுத்தானே?

லேபிலிருந்து கவர் வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை. அப்பா ஒரு நாள், "ஏண்டா, நீயே செத்தவன் மாதிரி உக்காந்திருக்க?" என்று கேட்டார். முகம் விழவில்லை என்றால் சேவியருக்கு எதை அனுப்புவது? ரோசிலி சேச்சியின் கண்ணை எப்படிப் பார்ப்பது?

கவர் வந்தது. பை சார் பிரித்து மேசையில் இரண்டு படங்களையும் வைத்தார். முதல் படத்தில் காயல் பளபளவென்று விழுந்திருந்தது. அதன் முன்னால் முப்பது நிழல்கள். அம்மச்சியின் முகம் இருந்த இடத்தில் கறுப்பு. இரண்டாவதில் முகம் இருந்தது. மருவும் நரைமுடியும் கூட இருந்தன. ஆனால் ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோரும் அம்மச்சியின் மேல் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸின் கை கழுத்தில் இருந்தது. தடவிக் கொடுப்பதுபோலத் தெரிந்தது. ரோசிலி சேச்சியின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

பை சார் வெகு நேரம் பார்த்தார். "அவர் வரட்டே" என்றார்.

ரோசிலி சேச்சி வந்தார். முதல் படத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாவதைக் கையில் எடுத்தார். நான் எழுந்து நின்றேன். வார்த்தைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"சேச்சி, அன்னைக்கு நான் சொன்னது..."

"சார் பறஞ்ஞு." பை சார் எல்லாம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. சேச்சி படத்தில் தன் முகத்தின் மேல் விரல் வைத்தார். "ஒரு நிமிஷம் ஞான் விசுவசிச்சு மோனே. உண்மையா நம்பிட்டேன்."

கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. புடவைத் தலைப்பால் படத்தைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"இதயே அவனுக்கு அனுப்பறேன். அவன்கிட்ட யாரும் ஒண்ணும் பறயண்டா."

பிறகு சேதி வந்தது. படம் கிடைத்த அன்று சேவியர் போன் செய்தாராம். எல்லோரும் சேர்ந்து குனிந்து அம்மச்சிக்கு முத்தம் கொடுக்கப் போகிற நேரத்தில் எடுத்த படம் என்று அவராகவே நினைத்துக்கொண்டாராம். யாரும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு பை சார் "கண்டோ" என்று கேட்டதே இல்லை. அடுத்த கல்யாணத்தில் மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, "முருகேசா, சாயா வேணோ?" என்றார். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வேண்டாம் என்றால் படம் விழுந்தது. வேணும் என்றால் இன்னொன்று எடுக்க வேண்டும். வீடியோ பாபு மட்டும், "எப்பப் பாத்தாலும் சாயா வேண்டாங்கறான், வயித்துக்கு எந்தா சுகமில்லயா?" என்று பந்தி பரிமாறுகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டிருப்பான்.

கண் வைத்த அந்த ஃப்ளாஷை நாங்கள் தூக்கி எறியவில்லை. ஸ்டுடியோவின் நான்கு சுவருக்குள் அது கடைசிவரை ஒழுங்காக வேலை செய்தது. வெளி வேலைக்குக் கேமராவையே மாற்றி, அதன் சைகைக்கு மட்டும் அடிக்கும் ஜாதியில் ஒன்று வாங்கினோம். அதற்கும் ஒரு குணம் உண்டு. தன் முகத்தைக் கேமரா பக்கம் திருப்பி வைத்தால்தான் கேட்கும். நடு வெயிலில் காது மந்தம். நான் வேலையை விடும் சமயத்தில் ரேடியோ அலையில் அடிப்பது வந்தது, தூணுக்குப் பின்னால் வைத்தாலும் அடித்தது.

ஆகவே தம்பி, உனக்கு என் பதில். ரேடியோ உள்ளதை வாங்கு. வாங்கும் முன் உன் கேமராவைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பார். பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காதே. எதன் பேச்சுக்கு அடிக்கும், எதன் பேச்சுக்கு அடிக்காது என்று கேள். கடைக்காரர் சிரித்தாலும் கேள். பக்கத்தில் நான்கு பேரை நிறுத்தி அவர்கள் கேமராவில் ஃப்ளாஷ் அடிக்கச் சொல்லி, உன்னுடையது சும்மா இருக்கிறதா என்று பார். அடித்து முடித்துத் திரும்பச் சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காதில் வைத்துக் கேள். இப்போதெல்லாம் படம் உடனே திரையில் வந்துவிடுகிறது, கண்டோ கண்டில்லையோ என்ற கவலை உங்களுக்கு இல்லை. இருந்தாலும் உன் ஆளோடு பேசுவதற்கு என்று ஒரு வார்த்தை வைத்துக்கொள். சாவு வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்.

நான் வேலையை விட்ட மாதம் சேவியர் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஊரோடு வந்துவிட்டாராம். அந்தப் படத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். மூலைகள் தேய்ந்து வெளுத்திருந்தன. பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார். நெகட்டிவைத் தேடி எடுத்தேன். பில் எழுதும்போது என் பெயரைக் கேட்டார்.

"நீங்களானோ இது எடுத்தது?"

"ஆமா சேட்டா."

படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். எல்லோர் தலையும் குனிந்திருந்த அந்த நடுவில் விரலை வைத்தார்.

"இத்தன பேருண்டு. ஞான் மாத்திரம் இல்ல. எடுக்கும்போ நீங்க அம்மச்சியோட முகம் கண்டோ?"

உள்ளே இருட்டறை வாசலில் பை சார் நின்றுகொண்டிருந்தார். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"கண்டு சேட்டா" என்றேன். "நல்லா கண்டு."